ஒட்டிக்கொள்ளும் இழை

விஜயலெட்சுமி இரத்தம் கொடுக்கப் போனது புண்ணியத்துக்காக அல்ல. வெசாக் பண்டிகை முகாமில் இரத்தம் கொடுக்கிறவர்களுக்குச் சோற்றுப் பார்சல் உண்டு என்று கடையில் பேச்சு அடிபட்டது. அரை நாள் லீவும் கிடைக்கும். பதுளையில் அவள் வேலை செய்யும் புடவைக் கடை முதலாளி ஜுனைதீன், தகப்பன் செத்தாலே ‘பின்னேரம் வந்திருவீங்கதானே’ என்று கேட்கிற மனிதர். இரத்ததானம் என்றதும் அவருக்கே வாய் அடைத்துப் போனது.

முகாமில் விரலைக் குத்திப் பார்த்தவர்கள், உங்களிடம் எடுக்க முடியாது, உங்களுக்கே காணாது என்று எழுப்பி விட்டார்கள். பார்சலும் இல்லை. கிளினிக்கில் போய்க் காட்டுங்கள் என்ற புத்திமதிதான் மிச்சம்.

கிளினிக்கில் இருந்தது டொக்டர் சிவரூபி. யாழ்ப்பாணத்துக்காரி. எதையும் சுற்றி வளைக்கத் தெரியாதவர்.

“தோட்டத்துப் பிள்ளையள் எல்லாருக்கும் இரும்புச் சத்து குறைவுதான். ஆனா உம்மட ரத்தச் செல்லுகள் சரியான சின்னன். இது சாப்பாட்டால மட்டும் வந்த மாதிரி இல்லை. கொழும்புக்கு அனுப்பிப் பாப்பம்.”

கொழும்பிலிருந்து பதில் வந்தது. தலசீமியா காவி.

“காவியா? அக்கா, நீ சாமியாராயிட்டியா?” என்றான் தம்பி லோகேஸ், போனில்.

சாமியார் இல்லை. காவி என்றால் நோயைச் சுமக்கிறவள், நோயாளி அல்ல. அவளுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் இன்னொரு காவியைக் கட்டினால், பிறக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு ஆபத்து. அந்தப் பிள்ளையின் உடம்பு தனக்கு வேண்டிய இரத்தத்தைத் தானே செய்துகொள்ளாது.

“கலியாணம் பேசியிருக்கோ?” என்று டொக்டர் கேட்டார்.

பேசாமல் என்ன? சுரேஸ் அவளுடைய அத்தை மகன். மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில் ஒரே லயத்து வரிசை வீடுகளில், நாலு காம்பரா தள்ளி வளர்ந்தவன். இப்போது மடுல்சீமை பஸாரில் ஆட்டோ ஓட்டுகிறான். அவளுக்குப் பல் முளைக்கும் முன்பே இவனுக்குத்தான் என்று முடிவாகியிருந்தது. இதில் வேடிக்கை, இருவருக்கும் அது பிடித்தும் இருந்தது. தை மாதம் கல்யாணம்.

“அவரை ஒருக்கா கூட்டிக்கொண்டு வாரும். அவருக்கு இல்லையெண்டால் நான் கலியாணத்துக்கே வாறன். இருக்கெண்டால் நாங்கள் கொஞ்சம் கதைக்க வேணும்.”

சுரேஸை பதுளைக்குக் கூட்டி வருவது லேசாக இல்லை. ஒரு நாள் ஹயர், சவாரி இருக்கிறது என்றான், ஒரு நாள் டயர் என்றான். கடைசியில், நடமாடும் கிளினிக் தோட்டத்துக்கே வரப்போகிறது, அங்கேயே கொடுத்து விடுகிறேன் என்றான். கொடுத்து விட்டதாகவும் போன் எடுத்துச் சொன்னான். குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

முடிவைக் கேட்க விஜயலெட்சுமி தனியாகத்தான் போனாள். அவனுக்கு அன்றைக்கும் ஹயர்.

“இருக்கு” என்றார் டொக்டர் சிவரூபி. நாற்காலியில் உட்காரக்கூட விடவில்லை. “உமக்கு இருக்கிற அதே பிழைதான் அவருக்கும். அச்சுக் குத்தின மாதிரி.”

“எப்படிங்க டொக்டர் அவ்வளவு உறுதியாச் சொல்றீங்க? சோகையா இருக்கலாம்தானே? நீங்கதானே சொன்னீங்க, தோட்டத்தில எல்லாருக்கும் அதுதான்னு.”

“செல்லைப் பாத்து மட்டும் சொல்லேல்லை. இது டிஎன்ஏ பாத்துச் சொல்லுறது. இஞ்ச பாரும்.” அவர் மேசையில் கிடந்த பிளாஸ்டரில் ஒரு துண்டைக் கிழித்தார். “புரோப் எண்டு ஒரு சின்ன இழை. ஆய்வுகூடத்தில செய்யிறது. டிஎன்ஏயில எந்த இடத்தில எழுத்துப் பிழையோ, அந்த இடத்துக்கு மட்டும் ஜோடி சேருற மாதிரிச் செய்து வைச்சிருக்கிறம். பிழை இருந்தா போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் வெளிச்சம் காட்டும். பிழை இல்லாட்டி, கழுவி விட்டா போயிடும். ஒவ்வொரு பிழைக்கும் ஒவ்வொரு இழை.”

விஜயலெட்சுமிக்கு அது ஒரே ஒரு கள்ளனின் மூஞ்சியை மட்டும் தெரிந்து வைத்திருக்கிற பொலிஸ்காரனைப் போல இருந்தது. ஊரில் உள்ள மற்றக் கள்ளர்கள் முன்னால் நின்று பல்லைக் காட்டினாலும் அவனுக்குக் கவலையில்லை. தன் ஆளைக் கண்டால் மட்டும் கழுத்துப் பட்டியைப் பிடிப்பான்.

அவர்கள் ஜாதகம் பார்த்தபோது, ஐயர் பத்தில் ஒன்பது பொருத்தம் என்று சொல்லி வெற்றிலையோடு தட்சணையும் வாங்கிக்கொண்டு போயிருந்தார். இந்த இழைக்குத் தெரிந்ததோ ஒரே பொருத்தம்தான். அதுவும் கூடாத பொருத்தம்.

“கட்டக்கூடாதெண்டு சட்டம் இல்லை” என்றார் டொக்டர். “முடிவு உங்கடை. ஆனா முடிவெடுக்க முதல் ஒருக்கா வாரும்.”

பக்கத்து அறையில் கட்டில்கள். சின்ன உடம்புகளுக்கு மேலே இரத்தப் பைகள் தொங்கின. ஓரக் கட்டிலில் பத்து வயசு மதிக்கத்தக்க ஒரு பெண்பிள்ளை, கையில் ஊசியோடு, மற்றக் கையால் போனில் கேம் விளையாடிக்கொண்டிருந்தாள். பெயர் முஷ்ரிபா. மாதம் தவறாமல் வருகிறவள். முகத்தில் ஒரு மஞ்சள். கன்ன எலும்பு கொஞ்சம் தூக்கலாக இருந்தது.

“நீங்களும் ரத்தம் ஏத்தவா வந்த?” என்று கேட்டாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“இல்ல, சும்மா.”

“சும்மா வந்தா ஒரு பேக் குடுத்திட்டுப் போங்க. இங்க எப்பவும் காணாது. இன்டைக்கு தாரது வேற பிரிஜ்ஜிலிருந்து நேரா எடுத்த மாதிரிக் குளிருது.”

“என்கிட்ட எடுக்க மாட்டாங்களாம்.”

“அப்ப ஒண்ணுக்கும் ஒதவாத ஆள்” என்றாள் முஷ்ரிபா. பிறகு சட்டையைக் கொஞ்சம் தூக்கி வயிற்றைக் காட்டினாள். ஊசி குத்தின கறுப்புப் புள்ளிகள். “ராவைக்கு இதில பம்ப் போடணும். ரத்தம் ஏத்தினா இரும்பு சேருமாம். சேர்ந்தத எடுக்கணுமாம். ஏத்துறதும் அவங்கதான், எடுக்கிறதும் அவங்கதான். வேலையில்லாத ஆக்கள்.”

விஜயலெட்சுமி சிரித்து விட்டாள். சிரித்த வாயோடு வெளியே வந்து சுவரில் சாய்ந்து நின்றாள். தை மாதம் இல்லை. இனி எந்த மாதமும் இல்லை.

அப்போதுதான் தாதி நளீரா தேத்தண்ணீர்க் கோப்பையோடு பக்கத்தில் வந்தாள். ஆறுதல் சொல்ல வேண்டும் என்று அவளுக்கு. எப்படிச் சொல்வது என்று தெரியாமல் மாப்பிள்ளையைப் புகழ ஆரம்பித்தாள்.

“ஒங்கட மாப்புள நல்ல தைரியமான மனிசன் தெரியுமா? தோட்டத்துக் கேம்புக்கு நாந்தான் வந்த. ரத்தம் எடுக்கக்குள்ள எல்லாரும் மொகத்தத் திருப்புவாங்க. இவரு சிரிச்சிட்டே கைய நீட்டினாரு. ‘மிஸ், தேளு மேல குத்திராதீங்க, அதுக்குக் கோவம் வரும்’னாரு. தேளாம்! நான் எறாலாக்கும்னு நெனச்சன்.”

“தேளா?”

“பச்ச குத்தியிருந்திச்சே, கையில.”

விஜயலெட்சுமி நிமிர்ந்தாள்.

சுரேஸின் கையில் ஆட்டோ சைலன்சர் சுட்ட தழும்பைத் தவிர ஒன்றும் இல்லை. அவன் ஊசியைக் கண்டால் விழுகிற ஜாதி. பஸாரில் நாய் கடித்தபோது தடுப்பூசி போட ரெண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. அதில் ஒருத்தனைக் கடித்தும் வைத்தான். நாயை விட ஆழமாக என்று கடிபட்டவன் இன்றைக்கும் சொல்லித் திரிகிறான்.

இறால் மாதிரித் தேளைக் குத்திக்கொண்டு திரிகிற கை அவள் அறிந்து உலகத்தில் ஒன்றுதான். அது அவள் தம்பியுடையது.

அன்றைக்கே கடைசி பஸ்ஸுக்கு முந்திய பஸ்ஸில் மடுல்சீமைக்கு ஏறினாள். தண்ணீர் விழும் பீலிக்கரையில் லோகேஸ் மோட்டார் சைக்கிளைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தான்.

“சுரேஸு பேருக்கு நீயாடா ரத்தம் குடுத்த?”

அவன் மறைக்கவே இல்லை. அதில் மறைக்க என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரிந்தால்தானே?

“ஆமா. பிள்ளைக்காம்பரா வாசல்ல வச்சு, பெரட்டுல கூப்பிடுற மாதிரி பேரு கூப்பிட்டாங்க. மச்சான் மூஞ்சி வெளுத்துப் போயி நின்னான். நான் ‘இருக்கேங்க’ன்னேன். அவ்வளவுதான்.”

பிள்ளைக்காம்பரா தோட்டத்துக் குழந்தைகள் காப்பகம். பெரட்டு என்பது விடியக் காலையில் ஆள் கணக்கெடுக்கிற இடம். பெயரைக் கூப்பிடும்போது ஒரு குரல் வந்தால் போதும், அன்றைய கூலிக்குப் பெயர் விழுந்து விடும். குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஒருத்தி பிந்தினால் பக்கத்து வீட்டுக்காரி குரல் கொடுப்பாள். குடித்து விட்டுக் கிடக்கிறவனுக்கு மச்சான் குரல் கொடுப்பான். கங்காணிக்கும் தெரியும், அவருக்கும் எப்போதோ யாரோ கொடுத்திருப்பார்கள். மலைக்கு ஆள் போய்ச் சேர்ந்தால் சரி. தலைமுறை தலைமுறையாகப் பழகின வாய், இரத்தத்துக்கும் அதே பதிலைச் சொல்லி விட்டது.

“அது பேரு போடுறதுக்கு இல்லடா, மடையா! அது ரத்தம்!”

“ரத்தம் எல்லாருக்கும் செவப்புதானே அக்கா.”

அவள் அவனுக்குப் புரிய வைத்தாள். இழை, ஒட்டுவது, வெளிச்சம் எல்லாம். அவன் கையிலிருந்த துணி மெல்லக் கீழே இறங்கியது.

“அப்ப… ஒட்டினது என்னோடதா?”

“ஆமா.”

“நான் காவியா?”

“சாமியாரு.”

“அப்ப நான் கல்யாணமே கட்டக் கூடாதா?”

“கட்டலாம். கட்டுறவளுக்கு முதல்ல ரத்தம் பாரு. அவளுக்கு இல்லாட்டி பயமில்ல. அவளையே வந்து குடுக்கச் சொல்லு, பேருக்கு யாரையாவது அனுப்பிறாதீங்க.”

லோகேஸ் தன் தேளையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். விஜயலெட்சுமிக்கோ உள்ளே குதியாட்டம். ஒட்டினது தம்பி இரத்தம். அக்காவுக்கும் தம்பிக்கும் ஒரே பிழை இருந்ததில் என்ன அதிசயம்? சுரேஸின் இரத்தத்தை இன்னும் யாரும் பார்க்கவே இல்லை. தம்பிக்கு ஒரு குறை என்று தெரிந்த அன்றைக்குச் சந்தோஷப்பட்ட அக்கா உலகத்திலேயே தான் ஒருத்தியாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தாள். வெட்கமாக இருந்தது. சந்தோஷம் அதனால் குறையவில்லை.

சுரேஸ் பஸார் ஸ்டாண்டில் ஆட்டோவின் பின் சீற்றில் கால் நீட்டிப் படுத்திருந்தான். அவள் காலைத் தட்டினாள்.

“எங்க போகணும்?” என்று கண்ணைத் திறக்காமல் கேட்டான்.

“பதுளைக்கு. ஊசி குத்த.”

அவன் எழுந்து உட்கார்ந்த வேகத்தில் தலை கூரையில் இடித்தது. சாதாரணமாக அவள் அவனை மச்சான் என்றுதான் கூப்பிடுவாள். கோபம் வந்தால் அந்த மரியாதை போய் விடும்.

“நீயெல்லாம் ஒரு ஆம்பளையா? அந்த ஊசி ஒரு கொசுக் கடி.”

“கொசு சொல்லிட்டு வந்து கடிக்காது விஜி. ஊசி சொல்லிட்டு வருது.”

“என் தம்பிய அனுப்பியிருக்க. ஊரில வேற ஆளா இல்ல? என் தம்பி ரத்தமும் என் ரத்தமும் ஒண்ணாத்தானே இருக்கும்? இதுக்குக்கூடவா மூளை இல்ல?”

“வேற எவனும் வரலையே.” அவன் தலையைத் தடவிக்கொண்டான். பிறகு குரல் இறங்கியது. “ஊசி மட்டும் இல்ல விஜி. எனக்கும் இருக்குன்னு வந்துட்டா? அப்புறம் நீ கட்ட மாட்ட. எனக்குத் தெரியும். அவன் கல்லு மாதிரி இருக்கான், உர மூட்டை ரெண்ட ஒண்ணாத் தூக்குறான், அவன் ரத்தம் சுத்தமாத்தான் இருக்கும்னு நெனச்சேன்.”

“அவன் சுத்தம்னு வந்திருந்தா, என்ன பண்ணியிருப்ப?”

“கட்டியிருப்பேன்.”

“புள்ள பொறந்து வெளுத்துப் போயிக் கெடந்தா?”

இந்தத் தடவை அவன் ஹயர் என்றும் சொல்லவில்லை, டயர் என்றும் சொல்லவில்லை; நாளைக்கு வர்றேன் என்றான்.

மறுநாள் அவளே கூட்டிப் போனாள். நளீரா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். “தேள் எங்க?” என்றாள். விஜயலெட்சுமி நடந்ததைச் சொன்னதும், டொக்டர் சிவரூபி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்து, ஒரு நிமிஷம் நெற்றியைப் பிடித்துக்கொண்டிருந்தார். “இவ்வளவு காலமும் இந்த மாகாணத்தில நான் எத்தினை தேளைப் பாத்து ரிப்போட் எழுதினனோ, ஆருக்குத் தெரியும்?” என்றார். அன்று முதல் அடையாள அட்டை இல்லாமல் ஒருவரையும் குத்தக் கூடாது என்று நளீராவுக்கு உத்தரவு.

சுரேஸ் கண்ணை இறுக மூடினான். விஜயலெட்சுமி ஒரு கையைப் பிடித்தாள். ஊசி இறங்கியது, அவனும் இறங்கினான், நளீராவின் மடியில். “யா அல்லாஹ்” என்று அவள் கத்தினது முஷ்ரிபா இருந்திருந்தால் அவளுக்கும் கேட்டிருக்கும். ஆனால் குழாய் நிறைந்திருந்தது. இந்தத் தடவை அவனுடைய இரத்தம்.

“ஒட்டாட்டி கலியாணச் சாப்பாடு” என்றார் டொக்டர். “ஒட்டினால் யோசியுங்கோ.”

பதில் வரும் வரை விஜயலெட்சுமி கடையில் புடவை விரித்தாள், மடித்தாள். கல்யாணப் புடவை எடுக்க வந்தவர்களிடம் முகம் கொடுத்துப் பேசினாள். இரவல் வாங்கின நம்பிக்கைதான். ஆனாலும் அது நன்றாக வேலை செய்தது. கூறைச் சேலை ஒன்றைத் தனக்கென்று ஒதுக்கி, அடித்தட்டில் வேறு புடவைகளின் கீழே ஒளித்தும் வைத்தாள்.

இழை ஒட்டியது.

இருவரும் சேர்ந்துதான் கேட்டார்கள். டொக்டர் சிவரூபி இந்தத் தடவை உட்காரச் சொன்னார். அதிலேயே தெரிந்து விட்டது. சுரேஸ் தலையைக் குனிந்துகொண்டான். தவறான ஆள் சொன்ன பதில் சரியாகத்தான் இருந்திருக்கிறது. இத்தனை கூத்துக்கும், விழுந்து எழும்பினதற்கும், அதே வெளிச்சம்.

பதுளை பஸ் ஸ்டாண்டில் பகல் வெயில். மடுல்சீமை பஸ் இன்னும் வரவில்லை. சுரேஸ் ரெண்டு ரோல்ஸ் வாங்கி வந்து ஒன்றை நீட்டினான். அவள் வாங்கிக்கொண்டாள்.

“நான் பொய் சொன்னதாலதானே கட்ட மாட்டேங்கிற?” என்று கேட்டான்.

“பொய்யா?” அவள் ரோல்ஸைக் கடித்தாள். “பொய்க்கு உன்னயக் கட்டிக்கிட்டு வாழ்நாள் பூரா அடிச்சிருப்பேன். இது ரத்தத்துக்கு.”

“நாலில ஒண்ணுதானே விஜி. மூணு பங்கு நல்லதுதானே.”

“அந்தப் புள்ளயோட வயித்த நீ பாக்கல.”

“புள்ளயே வேணாம்னா?”

அவள் அவனைப் பார்த்தாள். அவன் மனசாரத்தான் சொன்னான். ஆனால் ஆட்டோ ஸ்டாண்டில் யார் பிள்ளையைக் கண்டாலும் ஹேண்டிலில் உட்கார வைத்து ஹோர்ன் அடிக்கிறவன் அவன். அவளும் அப்படித்தான்.

“பத்து வருஷத்தில நீ என்னய வெறுப்ப. இல்லாட்டி நான் உன்னய வெறுப்பேன். அதுக்கு இப்பவே விட்டுறலாம்.”

பஸ் வந்தது.

வீட்டில் இரண்டு குடும்பமும் சோற்றுக்கு உட்கார்ந்திருந்தது. அவர்களும் உட்கார்ந்தார்கள். விஜயலெட்சுமி வாயைத் திறக்கும் முன்பே சுரேஸ் சொல்லி விட்டான். முதல் இரத்தம் யாருடையது என்பதிலிருந்து கடைசி வரை. சொல்லி முடித்தபோது அவனுக்கு ஊசி குத்தினதை விட அதிகமாக வியர்த்திருந்தது.

அவள் அப்பா வீரய்யா கையில் பிசைந்த சோற்றோடு எழுந்து விட்டார்.

“எவடி அந்த டொக்டர்? நாலு தலைமுறையா முறைக்கு முறை கட்டுறோம். எங்க வம்சத்தில எவனுக்காவது இப்படி வந்திருக்கா? ரத்தத்தில எழுத்தாம், எழுத்தில பிழையாம்! தை மாசம் கல்யாணம் நடக்கும். எவன் தடுக்கிறான் பாப்போம்.”

“மல்லிகாவ மறந்திட்டியாண்ணே?” என்றாள் ரெங்கம்மா.

சுரேஸின் அம்மா ரெங்கம்மா, வீரய்யாவின் தங்கை. அவள் சத்தம் போடவில்லை. சோற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். விஜயலெட்சுமிக்கு அந்தப் பெயர் புதிது.

“யாரு அத்தை, மல்லிகா?”

“எங்களுக்குக் கடைசி. வெள்ளையா இருப்பா. நாங்க அழகுன்னு நெனச்சோம். அப்புறம் வயிறு பானை மாதிரி வீங்கிச்சு. மூச்சு வாங்கும். ஆறு வயசு.”

“அது பேச்சியம்மா அடிச்சது” என்றார் வீரய்யா. “ஊரே சொல்லிச்சு. அதுக்குத்தானே கெடா வெட்டினோம்.”

“ரெண்டு கெடா வெட்டினோம்ணே. ரெண்டும் செத்துச்சு, அவளும் செத்தா.”

வீரய்யா கையிலிருந்த சோற்றை என்ன செய்வது என்று தெரியாமல் நின்று, திரும்பத் தட்டிலேயே வைத்தார். உட்கார்ந்தார். இப்போது குரலில் பழைய வீறாப்பு இல்லை.

“அப்ப இவளுக்கு வெளியில பாக்கணும். வர்றவன்கிட்ட எப்படிய்யா கேக்கிறது, ஜாதகத்தோட ரத்தமும் குடுன்னு? காறித் துப்பிட்டுப் போவான்.”

“நான் கேக்கிறேன் மாமா” என்றான் சுரேஸ். “வர்றவன ஆட்டோவில நானே பதுளைக்குக் கூட்டிட்டுப் போறேன். விழுந்தா பிடிக்கவும் ஆள் வேணுமே.”

லோகேஸுக்குச் சிரிப்பு வந்து புரையேறி விட்டது. வீரய்யா அவன் முதுகில் வைத்த அடி இருமலுக்கா, ஆள் மாறிக் கொடுத்த இரத்தத்துக்கா என்று அவருக்கே தெரியாது.

விஜயலெட்சுமி எழுந்து வெளியே போனாள். சுரேஸும் எழப் பார்த்தான். ரெங்கம்மா அவன் தொடையில் கை வைத்து உட்கார்த்தினாள். பிறகு ஒரு தட்டை எடுத்து, மருமகள் பாதியில் விட்டுப்போன சோற்றை ஈ மொய்க்காமல் மூடி வைத்தாள்.